சத்தம் வராமல் இறக்குவது

அன்றைக்குச் சாயங்காலம் அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு போர்வையை மடித்தது. மாடிக் கொடியில் காய்ந்த இரட்டைப் போர்வை. ஒருவராக மடித்தால் தரையில் புரளும் என்பதால் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் தன் பக்கத்து முனைகளைச் சட்டென்று சேர்த்துவிட்டு நின்றாள். அவர் முனையோடு முனை பொருத்தி, ஓரத்தை விரலால் நீவிவிட்டு, சரியில்லை என்று பிரித்து மறுபடியும் பொருத்தினார்.

"போர்வைதானே மடிக்கிறீங்க. பிரசவம் பார்க்கலையே," என்றாள்.

"நீ விட்டுட்டுப் போ. நான் மடிச்சுக்கறேன்."

"ஒரு ஆளால மடிக்க முடியாதுன்னுதானே நானும் கம்பம் மாதிரி நிக்கிறேன். சீக்கிரம் பிடிங்க, எனக்கு அடுப்புல வேலை கிடக்கு."

அவர் சிரித்துக்கொண்டே மடித்து முடித்தார். கீழே வந்து பையை எடுத்துக்கொண்டு ஜிம்முக்குக் கிளம்பினார். கிளம்பும்போது என்ன சொன்னார் என்று அவளுக்கு நினைவில்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் திரும்பி வரவில்லை.

ஜிம் என்று பேர்தானே தவிர, அங்கே கண்ணாடியும் கிடையாது, பாட்டும் கிடையாது. டயர் கடையின் பின்பக்கம் சும்மா கிடந்த ஒரு அறை. அவரும் ஒரு வெல்டரும் சேர்ந்து அதைப் பிடித்து, பழைய இரும்புக் கடையில் பொறுக்கிய குழாய்களையும் சட்டங்களையும் வைத்து நாலைந்து மெஷின் செய்திருந்தார்கள். அவர் அச்சகத்தில் காகிதம் வெட்டும் மெஷினில் இருந்தவர். அளவு எடுப்பதும் கோடு போடுவதும் அவர் வேலை. ஒட்டுவது வெல்டரின் வேலை. வெல்டர் அவரைவிட நன்றாகவே சின்னவன். அவரை அண்ணே என்பான், அவளை அண்ணி என்பான்.

அந்த அறைக்கு ஒரே ஒரு சட்டம்தான். எதையும் மெதுவாகத் தூக்க வேண்டும். தூக்கினதைவிட மெதுவாக இறக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, மூச்சை அடக்காமல், எந்தச் சதை எப்போது நடுங்குகிறது என்று கவனித்துக்கொண்டே செய்ய வேண்டும். மற்ற இடங்களில் ஒருவன் வந்து, தூக்கி, வியர்த்து, வீட்டுக்குப் போய்க் குளித்தும் முடித்திருப்பான். இங்கே ஒருவர் அப்போதுதான் முதல் தடவை இறக்கி முடித்திருப்பார். "உடம்பு ஏதோ சொல்லுது. நாம எங்க அதைப் பேசவிடறோம்?" என்பார் அவர். டயர் கடைக்காரர் அவர்களுக்குப் பெரிய ஆமை, சின்ன ஆமை என்று பெயர் வைத்திருந்தார். "ஆமைங்க உள்ள போயாச்சு, இனி கடிகாரத்துக்கு லீவு" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவளுக்கு இது எதுவும் பிடிக்காது. அவள் நின்றுகொண்டே சாப்பிடுகிறவள். அதே அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தும் வேலை. அங்கே அவளுக்குப் பட்டப்பெயர் சிவப்பு மை. வேகமாகப் படிப்பாள், வேகமாகத் தப்பைப் பிடிப்பாள், பிடித்ததை விடமாட்டாள்.

அன்றைக்கு அவர் காலால் தள்ளும் மெஷினில் இருந்தார். சாய்ந்து படுத்துக்கொண்டு, எடை ஏற்றிய ஒரு பலகையைப் பாதத்தால் மேலே தள்ளி, பிறகு முட்டி நெஞ்சுக்கு வரும்வரை மெதுவாக இறக்குகிற மெஷின். கை நழுவினாலும் கால் நழுவினாலும் பலகை ஆளை நசுக்காமல் இருக்க, கீழே இரண்டு பக்கமும் இரும்புக் கட்டை வைத்து வெல்டர் ஒட்டியிருந்தான். பலகை அதற்குக் கீழே வராது. வெல்டர் பின்னால் நின்றுகொண்டிருந்தான். ஒருவர் செய்யும்போது இன்னொருவர் நிற்பது அவர்கள் வழக்கம். நிற்கிறவர் தொடக்கூடாது, பேசக்கூடாது, முகத்தைப் பார்க்கக்கூடாது. பலகையைத்தான் பார்க்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் நிற்கிறவனுக்குப் பாவமாக இருக்கும், கையை நீட்டிவிடுவான் என்பது அவர் வைத்த விதி.

பலகை இறங்கியது. கீழே வந்தது. ஏறவில்லை.

கீழே வந்து திரும்புகிற இடம்தான் இருப்பதிலேயே மெதுவான இடம். அங்கே அவர் நிறைய நேரம் எடுத்துக்கொள்வார். வெல்டர் காத்திருந்தான். எவ்வளவு நேரம் என்று அவனுக்கே தெரியாது. ஒரு தடவை கேட்டால் கொஞ்ச நேரம் என்பான், இன்னொரு தடவை ரொம்ப நேரம் என்பான். வேறு எந்த ஜிம்மாக இருந்தாலும் அசையாமல் கிடக்கிறவரை யாராவது ஓடிவந்து உலுக்கியிருப்பார்கள். அந்த அறையில் அசையாமல் கிடப்பது ஒரு திறமை. அவன் பார்த்துக்கொண்டே நின்றான். கடைசியில் முன்னால் வந்து முகத்தை எட்டிப் பார்த்தபோது அவர் வாய் கோணியிருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளுடைய நாத்தனார், அவருடைய அக்கா, வெல்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டார். "நின்னு வேடிக்கை பார்த்தியாடா?"

"சத்தமே வரலைக்கா," என்றான் வெல்டர். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். அவள் பக்கம் திரும்பி, "அண்ணி, சத்தமே வரலை அண்ணி," என்றான்.

உயிர் போகும்போது சத்தம் போட்டுச் சொல்லிவிட்டா போகும் என்று நாத்தனார் அவன் நெஞ்சில் குத்தினார். அவன் வாங்கிக்கொண்டான். டாக்டரிடம் அவள் ஒரே கேள்விதான் கேட்டாள். உடனே பார்த்திருந்தால் பிழைத்திருப்பாரா. டாக்டர், "சொல்ல முடியாதும்மா," என்றார். ஆமாம் என்று சொல்லியிருந்தாலும், இல்லை என்று சொல்லியிருந்தாலும் அவள் ஏதோ ஒரு பக்கம் போய் உட்கார்ந்திருப்பாள். சொல்ல முடியாது என்றது அவளை நடுத்தெருவில் நிறுத்திவிட்டது.

எல்லாம் முடிந்து, வந்த உறவெல்லாம் போய், நாத்தனார் மட்டும் தங்கியிருந்தபோது வெல்டர் வீட்டு வாசலில் வந்து நின்றான். ஜிம் சாவி அவர் பையில் இருந்தது. பை அவளிடம் இருந்தது. டயர் கடைக்காரர், சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் தனக்கு வாடகைதாரர் என்று சொல்லிவிட்டாராம்.

"சாவி கேட்க வந்தியா?" என்றார் நாத்தனார் உள்ளேயிருந்தே. "இன்னும் யாரைப் படுக்க வைக்கணும்?"

"அக்கா, அங்க இன்னும் ஆறேழு பேர் வர்றாங்க. எல்லாம் என்னை நம்பி..."

"உன்னை நம்பித்தான் ஒருத்தன் படுத்தான்." நாத்தனார் அவள் பக்கம் திரும்பினார். "நான் அன்னைக்கே சொன்னேன். இவன் மேல ஒரு புகார் கொடு. ஆபத்துன்னு தெரிஞ்சும் நின்னு பார்த்தான்னு கொடு. நீ பெண்டாட்டி, நீ கொடுத்தாத்தான் எடுபடும். பிள்ளை இல்லாத வீட்டுல இரும்பைப் பிள்ளையா வளர்த்தான் என் தம்பி. அதுவே அவனைத் தின்னுடுச்சு. கூட நின்னு ஊட்டினவன் இவன்."

அவள் வெல்டரைப் பார்த்தாள். அவனை வெறுப்பது அவளுக்குச் சுலபமாக இருந்தது. அவன் நிற்கிற விதமே எரிச்சலாக இருந்தது. உள்ளே வா என்று சொன்னாலும் வராதவன் மாதிரி, போ என்று சொன்னாலும் போகாதவன் மாதிரி. ஆனால் இருபது வருஷம் பிழை திருத்தின பழக்கம் அவளை விடவில்லை. தப்பு இருக்கிறது என்று தோன்றுவது வேறு, இதோ இந்த இடத்தில் என்று விரல் வைப்பது வேறு. மெதுவாகப் போவதற்கும் நின்றுபோவதற்கும் வித்தியாசம் பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியுமா, தெரியாதா. தெரியும் என்றால் இவன் அவரைச் சாகவிட்டவன். அப்போது புகாரும் கொடுக்கலாம், அந்த அறைக்கு ஆயுசுக்கும் பூட்டும் போடலாம். தெரியாது என்றால் என்ன செய்வது என்று அவள் யோசிக்கவில்லை. யோசிக்கப் பிடிக்கவில்லை.

"சாவி தரமாட்டேன்," என்றாள். "சாயங்காலம் நானே வந்து திறக்கிறேன். நானே பூட்டுவேன். அந்தக் காலால தள்ளுற மெஷினை எனக்குச் சொல்லிக்கொடு."

"உங்களுக்கா?"

"ஏன், பொம்பளைக் கால் தள்ளாதா?"

"அதுக்கில்ல அண்ணி..."

"அண்ணின்னு கூப்பிடாதே."

அவன் போனபிறகு நாத்தனார், "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சாடி," என்றார். அவள் தன் திட்டத்தைச் சொன்னாள். அவர் மாதிரியே கற்றுக்கொள்வேன். அவர் மாதிரியே மெதுவாக இறக்குவேன். ஒரு நாள் வேண்டுமென்றே கீழே நிறுத்திவிடுவேன். அவன் கண்டுபிடிக்கிறானா என்று பார்ப்பேன். நாத்தனார், "கண்டுபிடிச்சா மாட்டினான்," என்றார். முதல் முறையாக அவள் தட்டில் அவரே இன்னும் கொஞ்சம் சோறு வைத்தார்.

முதல் நாள் வெல்டர் பலகையில் எடையே ஏற்றவில்லை. வெறும் பலகை. அவள் ஒரே தள்ளாகத் தள்ளி, ஒரே விடாக விட்டாள். பலகை இரும்புக் கட்டையில் மோதி அறையே அதிர்ந்தது. டயர் கடைக்காரர் முன்பக்கத்திலிருந்து ஓடிவந்து எட்டிப் பார்த்தார். "என்ன இடிஞ்சுது?"

"ஒண்ணும் இடியலை. நீங்க போங்க," என்றான் வெல்டர். பிறகு அவளிடம், "இங்க தள்ளுறது ஒரு வேலையே இல்ல. கழுதைகூடத் தள்ளும். இறக்கிக் காட்டுங்க."

"கழுதைன்னு என்னைச் சொல்றியா?"

"பொதுவா சொன்னேன்."

வீட்டில் அவரோடு இருந்த வருஷங்களில் இந்த வார்த்தைகளை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறாள். மெதுவா, மூச்சு, கவனி. காதில் விழுந்து மறு காது வழியாகப் போயிருக்கிறது. இப்போது கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. மேல் பாதியில் பலகை ஒழுங்காக இறங்கும். பாதிக்குக் கீழே வந்ததும் தொடை எரியும். எரிந்த உடனே அவள் கால் தானாக விட்டுவிடும். டங் என்று விழும். மறுபடி. டங். மறுபடி. டங். வெல்டர் பின்னால் நின்றபடி ஒவ்வொரு டங்குக்கும் ஒன்றுமே சொல்லாமல் இருப்பது, திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

"ஏதாவது சொல்லித் தொலையேன்," என்றாள் ஒரு நாள்.

"எங்க வேகமாப் போறீங்களோ அங்கதான் ஏமாத்துறீங்க," என்றான்.

அவள் எழுந்து, பையை எடுத்து, எல்லோரையும் வெளியே அனுப்பி, அறையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் அச்சகத்தில் ஒரு பாடப் புத்தகத்தின் மெய்ப்பைத் திருத்திக்கொண்டிருந்தபோது, தனக்குச் சலிப்பான அத்தியாயங்களை மட்டும் தான் வேகமாகப் புரட்டுவது அவளுக்குத் தெரிந்தது. திரும்பிப் போய்ப் படித்தாள். அங்கேதான் பிழைகள் கிடந்தன. அன்றைக்கு அவன் மேல் வெறுப்பு இன்னும் அதிகமானது. சொன்னது சரியாக இருந்துவிட்டதே என்ற வெறுப்பு.

சாயங்காலம் போய்த் திறந்தாள்.

மாதங்கள் போயின. அந்த அறைக்கு வருகிற மற்றவர்கள் அவளைக் கண்டால் ஒதுங்கினார்கள். சாவிக்காரி என்று தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். வெல்டர் எடையை ஒவ்வொரு தட்டாக ஏற்றினான். அவர்கள் பேசிக்கொண்டதெல்லாம் சண்டைதான்.

"முட்டியை உள்ள விடாதீங்க."

"தெரியும்."

"தெரிஞ்சா ஏன் விடறீங்க?"

"நீ பேசினதுல விட்டேன்."

அவள் கண்ணை மூடினால் முதலில் வருவது கோபம். யார் மேலும் இல்லை, எல்லார் மேலும். பலகை இறங்க இறங்க அந்தக் கோபம் தொடைக்கு வந்து, முட்டிக்கு வந்து, பாதத்தில் போய் நடுங்கும். நடுக்கத்தை முன்பெல்லாம் பலவீனம் என்று நினைத்தாள். நடுக்கம் வந்தபிறகும் பலகை நழுவாமல் இறங்குவதை ஒரு நாள் பார்த்தாள். அதை யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட்டாள். நாத்தனார் ஊருக்குத் திரும்பிப் போயிருந்தார், வாரம் தவறாமல் போன் செய்து, "மாட்டினானா?" என்று கேட்பார். "இன்னும் சத்தம் வருதுக்கா," என்பாள் அவள்.

அதுதான் இடைஞ்சல். எவ்வளவு மெதுவாக வந்தாலும், கடைசியில் பலகை கட்டையைத் தொடுகிற இடத்தில் ஒரு சின்ன 'டக்' கேட்டுவிடும். அந்த 'டக்' கேட்டால் அவள் நிறுத்திவிட்டது அவனுக்குக் காதாலேயே தெரிந்துவிடும், சோதனை கெட்டுப்போகும். அன்றைக்குச் சத்தம் வரவில்லை என்று அவன் ஆயிரம் தரம் சொல்லியிருந்தான். அப்படியானால் சத்தம் வராமல் வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டும். இரும்பை இரும்பின் மேல், தூங்குகிற குழந்தையைப் படுக்கையில் கிடத்துகிற மாதிரி வைக்க வேண்டும். அவள் அதையே குறியாக வைத்துக்கொண்டாள். மற்ற மெஷின்களையும் செய்தாள், முதுகுக்கும் தோளுக்கும்; ஆனால் மனதெல்லாம் அந்தக் கடைசி விரல்கடையில்தான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் யாரும் வரவில்லை. அவள் படுத்தாள். வெல்டர் பின்னால் வந்து நின்றான். இன்றைக்கு என்று அவள் முடிவு செய்துகொண்டது எப்போது என்று தெரியாது. பலகை பாதி இறங்கியபோது முடிவு ஆகியிருந்தது. எரிச்சல் வந்தது. விடவில்லை. நடுக்கம் வந்தது. விடவில்லை. கட்டை இருக்கும் இடம் அவளுக்குப் பார்க்காமலே தெரியும். உடம்பில் இருந்த அத்தனை பலத்தையும், கழுத்து நரம்பிலிருந்து கால் கட்டைவிரல் வரை, பலகையைத் தாங்குவதற்கே கொடுத்து, கொடுத்துக்கொண்டே இறக்கி, வைத்தாள்.

சத்தம் வரவில்லை.

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். இரண்டு மூன்று துளி மழைச் சத்தம் கேட்கிற நேரம்கூட ஆகியிருக்காது.

"என்ன ஆச்சு?" வெல்டரின் முகம் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அவன் பலகையின் இரண்டு பக்கத்தையும் பிடித்திருந்தான். "என்ன ஆச்சு? பேசுங்க."

அவள் கண்ணைத் திறந்தாள். "கண்டுபிடிச்சிட்டியே," என்றாள்.

அவனுக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் பலகையை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தான். "இதுக்கா வந்தீங்க இத்தனை மாசமும்?"

"வேற எதுக்கு? உன் மூஞ்சியைப் பார்க்கவா?"

"என்னைச் சோதிக்க."

"ஆமா. எப்படித் தெரிஞ்சுது உனக்கு?"

"வயிறு. மூச்சு விட்டா வயிறு ஏறி இறங்கும். நின்னுபோச்சு."

"அன்னைக்கு அவருக்கு வயிறு இல்லையா?"

"முகத்தையும் பார்க்காதே, உடம்பையும் பார்க்காதே, பலகையைப் பாருன்னு சொன்னது யாரு? நானா? ஒரு தடவை அவர் திணறும்போது கையை வச்சுட்டேன். மூணு வாரம் என்கிட்டப் பேசலை உங்க வீட்டுக்காரரு. நீ தொட்டதால இது என்னோடது இல்லைன்னாரு. அதுக்கப்புறம் பலகையைத்தான் பார்த்தேன். அவர் செத்த நாள்லேருந்துதான் வயித்தைப் பார்க்கிறேன். யார் படுத்தாலும் வயித்தைத்தான் பார்க்கிறேன். வீட்டுல என் பொண்ணு தூங்கினாலும் வயித்தைப் பார்க்கிறேன். போதுமா? புகார் கொடுக்கணுமா? கொடுங்க."

அவளுக்குத் தேவையானது கையில் கிடைத்துவிட்டது. நாத்தனாருக்குப் போன் செய்து மாட்டினான் என்று சொல்லலாம். ஆனால் அவள் கால்கள் வேறு எதையோ சொல்லிக்கொண்டிருந்தன. இன்னும் மெஷினில்தான் படுத்திருந்தாள். தொடை வெடவெடத்துக்கொண்டிருந்தது. சத்தம் வராமல் வைப்பதற்கு அவளிடம் இருந்த எல்லாமே செலவாகியிருந்தது.

"தள்ளி நில்லு," என்றாள்.

பலகையை மேலே தள்ளினாள். மெதுவாகப் பாதி இறக்கினாள். நடுவில், மயங்கியவள் மாதிரி, இரண்டு காலையும் தளரவிட்டாள்.

டங்.

சுவரில் சாய்த்து வைத்திருந்த கம்பிகள்கூடக் கிணுகிணுத்தன. மறுபடி தள்ளினாள், இந்தத் தடவை கடைசி விரல்கடையில் மட்டும் விட்டாள். அப்போதும் டங். அதைவிடக் கிட்டத்தில் விட்டாள். டங்.

முன்பக்கத்திலிருந்து செருப்புச் சத்தம் கேட்டது. டயர் கடைக்காரர் கதவில் தலையை நீட்டினார். "மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களாம்மா? நடுவுல நல்லாயிருந்துச்சே."

"அண்ணாச்சி," என்றாள் அவள் படுத்தபடியே, "அவர் போன அன்னைக்கு இந்தச் சத்தம் கேட்டு நீங்க வந்தீங்களா?"

"இல்லையேம்மா. இவன் கத்தினப்புறம்தான் வந்தேன். சத்தம் கேட்டிருந்தா அப்பவே வந்திருப்பேனே."

அவர் போய்விட்டார். மழை கொஞ்சம் வலுத்தது.

"அவராத்தான் வச்சிருக்காரு," என்றாள் அவள்.

வெல்டர் சுவரோரம் குந்தி உட்கார்ந்திருந்தான். "ஆமா."

"நினைவு போயிருந்தா விழுந்திருக்கும். ஏதோ பண்ணுதுன்னு தெரிஞ்சிருக்கு அவருக்கு. தெரிஞ்சு, அலுங்காம இறக்கி வச்சிருக்காரு."

"ஆமா."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அந்தக் கட்டையை ஒட்டினவன் நான். அன்னைக்கே தெரியும். அதைத்தான் ஆஸ்பத்திரியில சொன்னேன், சத்தமே வரலைன்னு. யார் கேட்டா?"

"விளக்கமாச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா என்ன சொல்லியிருப்பீங்க? தப்பிக்கிறதுக்குச் செத்தவர் மேல பழி போடறான்னு சொல்லியிருப்பீங்க." அவன் தரையைப் பார்த்துப் பேசினான். "உங்களுக்காக ஒண்ணும் மறைக்கலை. எனக்கே நினைச்சா வயிறு எரியுது. ரெண்டடி தள்ளி நிக்கிறேன் நான். டேய்னு ஒரு வார்த்தை. வாயைத் திறந்து ஒரு டேய் போட்டிருந்தா போதும். வைக்கிறதுக்கு அவ்வளவு பலம் இருந்துச்சு, கூப்பிட இல்லையா?"

அவள் எழுந்து உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரியும். கூப்பிட்டால் இவன் தொடுவான். தொட்டால் அது அவருடையது இல்லை. கொஞ்சம் வைத்துவிட்டு, மூச்சு வாங்கிவிட்டு, தானே தள்ளிவிடலாம் என்று நினைத்திருப்பார். பலகையை அலுங்காமல் இறக்கி வைக்கத் தெரிந்த மனிதருக்கு வலிக்கிறது என்று சொல்லத் தெரியவில்லை. உடம்பு சொல்வதைக் கேட்கத் தெரிந்தது; கேட்டதை இன்னொருத்தரிடம் சொல்லத் தெரியவில்லை. இத்தனை மாதமும் அவள் பின்னால் நின்றவனையே பார்த்து வெறுத்துக்கொண்டிருந்தாள். இப்போது வெறுப்பு முன்னால் போய், அந்த இருக்கையில் படுத்திருந்தவர் மேல் உட்கார்ந்தது. பத்து மாதத்தில் முதல் தடவையாக அவள் அவருக்காக அழுதாள். திட்டிக்கொண்டே அழுதாள். வெல்டர் எழுந்து வெளியே போய் மழையில் நின்றுகொண்டான்.

அன்றைக்கு அவள் நாத்தனாருக்குப் போன் செய்து நடந்ததை நடந்தபடி சொன்னாள். கண்டுபிடித்துவிட்டான் என்பதையும் சொன்னாள், சத்தத்தைப் பற்றியும் சொன்னாள்.

"உன்னையும் மடக்கிட்டான்," என்றார் நாத்தனார்.

"அவன் மடக்கலைக்கா. உங்க தம்பிதான் கூப்பிடலை."

"எப்படிக் கூப்பிடுவான்? சின்ன வயசுல கை எலும்பு ஒடிஞ்சு, ராத்திரி முழுக்க எங்கம்மா பக்கத்துலயே படுத்திருந்தான், ஒரு வார்த்தை சொல்லாம. காலையில வீங்கினப்புறம்தான்..." நாத்தனாரின் குரல் அங்கேயே நின்றுவிட்டது. போனில் டிவி சத்தம் மட்டும் கேட்டது. திரும்பிப் பேசியபோது குரல் முன்னைவிடக் கடுமையாக இருந்தது. "என் தம்பியைக் குத்தம் சொல்லிட்டு நீ நல்லாயிருப்பியாடி? இனிமே எனக்குப் போன் பண்ணாதே. அவனோடயே சேர்ந்து இரும்பைத் தூக்கிட்டுக் கிட."

அவள் போன் செய்யவில்லை. நாத்தனாரும் செய்யவில்லை.

அடுத்த வாரம் அவள் பூட்டுக்கடையில் சாவிக்கு நகல் போட்டு, அதை வெல்டரின் முன்னால் பெஞ்சில் வைத்தாள். "புகார் கொடுக்கலை," என்றாள். "அதுக்காக உன்னை மன்னிச்சுட்டேன்னு நினைக்காதே. நீ நின்னதை நான் மறக்கமாட்டேன்."

"மறக்க வேண்டாம்," என்றான் அவன். "நானும் மறக்கலை."

"இன்னொண்ணு. இனிமே இந்த அறையில நிக்கிறவங்க முகத்தைப் பார்த்துத்தான் நிக்கணும். படுக்கிறவங்க முடியலைன்னா வாயைத் திறந்து சொல்லணும். சொல்லத் தெரியாதவங்க வர வேண்டாம்."

"அண்ணன் வச்ச விதியை மாத்தறீங்க."

"ஆமா, மாத்தறேன். அவர் வந்து கேட்கட்டும்."

அவன் சாவியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். பிறகு மெஷினைக் காட்டினான். அவள் படுத்தாள். அவன் பக்கவாட்டில் வந்து, அவள் முகம் தெரிகிற இடத்தில், முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றான். அவளும் அவனை முறைத்துக்கொண்டே தள்ளினாள். இறக்கும்போது தொடை எரிய ஆரம்பித்தது. "எரியுது," என்றாள் சத்தமாக. வாழ்க்கையில் அதைச் சொல்ல அவளுக்கும் வராது என்பது அப்போதுதான் தெரிந்தது.

"தெரியுது. மூச்சு விடுங்க," என்றான் அவன்.

இப்போதும் அவள் வாரம் இரண்டு நாள் போகிறாள். வேலை முடிந்து பஸ்ஸில் போவாள். டயர் கடை வாசலில் பஸ் நிற்பதில்லை. அடுத்த திருப்பத்தில்தான் நிற்கும். அங்கே இறங்கி, கொஞ்ச தூரம் திரும்பி நடந்துதான் வர வேண்டும். அவள் அவசரப்படாமல் நடந்து வருகிறாள்.